மூலகங்களைத் தேடி: வன்னி வகுப்பறைக்கு ஒரு தேடல் விளையாட்டு

ஆவர்த்தன அட்டவணையின் முதல் இருபது மூலகங்களை ஒரே மூச்சில் ஒப்புவிக்கும் பிள்ளையிடம், "சரி, இதில் எது உன் வீட்டு அடுப்படியில் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. ஐதரசன், ஈலியம், இலிதியம் என்று ஓடிய வாய் நின்றுவிடும். அந்தப் பிள்ளையில் குறை இல்லை. மூலகங்களை நாம் புத்தகத்துக்குள்ளேயே வைத்துக் கற்பித்துவிட்டோம்.

இந்த வழிகாட்டி வன்னிப் பாடசாலைகளுக்கு முதல் நியமனத்தில் வரும் விஞ்ஞான ஆசிரியர்களுக்காக எழுதப்பட்டது. ஆய்வுகூடம் இல்லாவிட்டாலும், மின்சாரம் நின்றுவிட்டாலும் இதை நடத்தலாம். தரம் 9, 10 பிள்ளைகளுக்கு நன்றாகப் பொருந்தும். ஓர் இரட்டைப் பாடவேளை, அதாவது 80 நிமிடம் தேவை. காலையில் முதல் பாடவேளைகளாகக் கிடைத்தால் நல்லது. பதினொரு மணிக்குப் பிறகு தகரக் கூரைக்குக் கீழே யாராலும் யோசிக்க முடியாது.

தொடங்கும் முன்: பிள்ளைகளை வெளியே அனுப்பாதீர்கள்

இணையத்தில் தேடினால் இப்படியான விளையாட்டுக்கு நிறையக் குறிப்புகள் கிடைக்கும். அவற்றில் பல, "பிள்ளைகளை வெளியே அனுப்பி ஐந்து உலோகப் பொருட்களைத் தேடிக்கொண்டு வரச் சொல்லுங்கள்" என்று சொல்லும். வேறு ஊர்களில் அதில் தவறில்லை. வன்னியில் அதைச் செய்யவே கூடாது.

என் முதல் வருடத்தில் நானும், "நாளைக்கு வரும்போது வழியில் காணும் ஏதாவது ஓர் உலோகத்தைக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் ஒரு பையன் காற்சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு வெற்று ரவைக் கோதை எடுத்து மேசையில் வைத்தான். "பித்தளை சேர். செம்பும் நாகமும்" என்றான். விடை சரி. எனக்குக் கை நடுங்கியது. அன்று அது வெறும் கோதாக இருந்தது. அவன் அதை எடுத்த வேலியோரத்தில் வேறு என்ன கிடந்திருக்கும் என்று யோசித்து இரவு முழுக்கத் தூங்கவில்லை.

இலங்கை 2017 இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. ஆனால் வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் தொடர்கிறது. துப்புரவாக்கப்பட்ட காணியிலும் மழைக்குப் பிறகு மண் அரித்து ஏதாவது வெளியே தெரியலாம். பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கை காலை இழந்த பிள்ளைகளின் கதை இங்கே எல்லா ஊரிலும் உண்டு. ஆகவே பொருட்களை எப்போதும் நீங்களே கொண்டு வாருங்கள். தேடல் வகுப்பறைச் சுவர்களுக்குள் மட்டும் நடக்கட்டும். விளையாட்டைத் தொடங்கும்போது ஒரு நிமிடம் எடுத்து இதைச் சொல்லுங்கள்: தெரியாத உலோகத்தைத் தொடாதே, உதைக்காதே, எடுத்து வராதே, வந்த வழியே திரும்பிப் போய்ப் பெரியவர்களிடம் சொல். இங்கே உலோகப் பாடம் எடுக்கும் எவருக்கும் இது பாடத்தின் ஒரு பகுதி.

இன்னும் இரண்டு விடயங்கள். தங்கத்தை விளையாட்டில் சேர்க்காதீர்கள். தோடு போட்ட பிள்ளை, போடாத பிள்ளை என்ற பேச்சு வகுப்பில் எழத் தேவையில்லை. அடைவு வைத்த நகை மீளாத வீடுகள் பல. வவுனியாப் பக்கம் படிப்பித்தால் புளோரீனைப் பற்றிக் கேட்கவும் ஆசை வரும், ஏனென்றால் அங்கே சில கிணறுகளில் புளோரைட்டு கூடுதல். கேளுங்கள், ஆனால் பற்பசைப் பெட்டியைக் காட்டிக் கேளுங்கள். அந்தத் தண்ணீரால் பல்லில் பழுப்புக் கறை விழுந்த பிள்ளை அந்த வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கும்.

பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுங்கள்

பிள்ளைகள் வீட்டில் தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் படிக்கிறார்கள். அதில் தனிமம், சேர்மம், ஆக்சிஜன், எலக்ட்ரான் என்று வரும். நம் பாடப்புத்தகத்தில் மூலகம், சேர்வை, ஒட்சிசன், இலத்திரன். இரண்டும் வேறு வேறு என்று நினைக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கரும்பலகையின் ஓரத்தில் இரண்டு நிரலாக எழுதி அப்படியே விட்டுவிடுங்கள். விளக்கம் சொல்லத் தேவையில்லை, பார்த்தாலே புரிந்துவிடும்.

பத்துப் பொருட்கள்

முதல்நாள் மாலை இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் வீட்டிலும் சந்தியிலும் கிடைப்பவை. அடைப்புக்குள் இருப்பது அந்தப் பொருளில் தேடும் மூலகமும் அதன் அணுவெண்ணும்.

பென்சில் (காபன், 6). வெறும் யூரியாப் பை (நைதரசன், 7). ஒரு பிடி ஆனையிறவு உப்பு (சோடியம், 11). அலுமினியச் சட்டி (13). பி.வி.சி. தண்ணீர்க் குழாய்த் துண்டு (குளோரீன், 17). விறகடுப்புச் சாம்பல் (பொற்றாசியம், 19). மூடிய போத்தலில் கொஞ்சம் நீற்றிய சுண்ணாம்பு (கல்சியம், 20). ஒரு தட்டில் கிறவல் (இரும்பு, 26). உறை உரித்த வயர்த் துண்டு (செம்பு, 29). தகர வாளி (நாகம், 30).

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, அதனால் போத்தலின் மூடியைப் பசை நாடாவால் ஒட்டிவிடுங்கள். எரிந்துபோன ரியூப் லைற் யாராவது தந்தால் வாங்காதீர்கள், அதற்குள் இரசம் இருக்கிறது. பழைய பற்றரியைப் பிள்ளைகள் கையில் கொடுத்து உடைக்க விடாதீர்கள்.

அணுவெண்தான் வீட்டு இலக்கம்

விளையாட்டின் பொறி இதுதான். ஒவ்வொரு பொருளையும் வகுப்பின் ஒவ்வொரு மூலையில் வைத்து, பக்கத்தில் ஒரு கடித உறையை ஒட்டுங்கள். உறையின் மேல் மூலகத்தின் பெயரை எழுத வேண்டாம். அணுவெண்ணை மட்டும் பெரிதாக எழுதுங்கள். பொருளை ஒரு பழைய கலண்டர்த் தாளால் மூடிவிடுங்கள். உறைக்குள் ஒரு நொடி இருக்கும். எங்கள் பக்கம் விடுகதையை அப்படித்தான் சொல்வோம். அந்த நொடியின் விடை அடுத்த மூலகம். பிள்ளைகள் விடையைக் கண்டுபிடித்து, அட்டவணையில் அதன் அணுவெண்ணைப் பார்த்து, அந்த இலக்கம் எழுதிய இடத்துக்குப் போய்த் தாளைத் தூக்கிப் பார்ப்பார்கள். விடை சரியென்றால் பொருளும் நொடியும் பொருந்தும். "சேர், இது சரியா?" என்று உங்களிடம் ஓடி வரத் தேவையில்லை. அணுவே சரி பிழை சொல்லிவிடும்.

அணுவெண்ணை ஏன் முகவரியாக வைக்கிறோம் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1869 இல் மென்டலீவ் அட்டவணை போட்டபோது மூலகங்களை அணுத்திணிவின்படி அடுக்கினார். ஆனால் தெலூரியம் அயடீனைவிடப் பாரமானது. திணிவின்படி அயடீன்தான் முன்னால் வர வேண்டும். இயல்புகளைப் பார்த்த அவர் துணிந்து தெலூரியத்தை முன்னால் வைத்தார். ஏன் அது சரி என்பதற்குக் காரணம் கிடைக்க 44 வருடம் ஆனது. 1913 இல் மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு அளந்தார். ஒவ்வொரு மூலகத்துக்கும் தனக்கென்று ஒரு முழு எண் இருக்கிறது என்றும், அதுவே அதன் இடத்தைத் தீர்மானிக்கிறது என்றும் அந்த அளவீடுகள் காட்டின. அந்த எண்தான் கருவிலுள்ள புரோத்தன்களின் எண்ணிக்கை. இரண்டு வருடம் கழித்து, 27 வயதில், முதலாம் உலகப் போரில் கலிப்பொலியில் மோஸ்லி கொல்லப்பட்டார். நம் பிள்ளைகள் அந்த இடத்தில் அமைதியாகிவிடுவார்கள். அமைதியாக இருக்கவிட்டுத் தொடருங்கள்.

நொடி எழுதுவது

உங்கள் நேரத்தை இதில்தான் செலவழிக்க வேண்டும். நல்ல நொடிக்கு ஒரு கால் ஊரில் இருக்கும், மற்றக் கால் அணுவில் இருக்கும். ஊர்க்கால் மட்டும் இருந்தால் பிள்ளை ஊகித்துத் தப்பிவிடும். அணுக்கால் மட்டும் இருந்தால் அது பரீட்சை வினா, ஓடித் தேடுவதில் அர்த்தமில்லை.

காபனுக்கு நான் எழுதியது:

"நடக்க நடக்கக் குட்டையாகிறேன்.
காரீயம் என்று என்னைக் கூப்பிடுவார்கள்.
எனக்கு இரண்டு சக்தி மட்டம், வெளிமட்டத்தில் நான்கு இலத்திரன்.
பென்சிலுக்குள் இருக்கும் நான் எந்த மூலகம்?"

முதல் இரண்டு வரியோடு ஓடுகிற குழு, காரீயம் என்றால் ஈயம்தான் என்று முடிவு கட்டி 82 ஐத் தேடும். அதற்காகவே 82 என்று எழுதிய ஓர் உறையைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். உள்ளே: "பென்சிலில் ஈயம் இல்லை. மூன்றாவது வரியை இன்னொரு தடவை வாசியுங்கள்." பென்சிலில் இருப்பது காபனின் ஒரு வடிவமும் களிமண்ணும். நம் நாட்டில் போகலையிலும் ககட்டகஹவிலும் தோண்டி எடுக்கும் காரீயமும் அதே காபன்தான். பெயர் மட்டும் ஈயத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

கல்சியத்துக்கு:

"பனையின் உச்சியில் முட்டிக்குள் வெள்ளையாய் ஒட்டியிருப்பேன்.
கருப்பநீர் கள்ளாகாமல் காப்பேன்.
எனக்கு நான்கு சக்தி மட்டம், கடைசியில் இரண்டு பேர்."

இந்த நொடி வாசிக்கப்படும்போது, சீவல் தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால் அதைக் கவனியுங்கள். அந்த ஒரு நிமிடம் குழுவில் எல்லோரும் அதன் முகத்தைப் பார்ப்பார்கள். மற்ற நாட்களில் வாய் திறக்காத பிள்ளையாக இருக்கலாம்.

நைதரசனுக்கு: "நீ இப்போது இழுத்த மூச்சில் நூற்றுக்கு 78 பங்கு நான்தான், ஆனாலும் உன் உடம்பு என்னைக் காற்றிலிருந்து எடுக்காது. நான் போதாவிட்டால் காலபோக நெல் மஞ்சளாகும். எனக்கு இரண்டு மட்டம், கடைசியில் ஐந்து." யூரியாப் பையில் 46 சதவீதம் நைதரசன் என்று அச்சடித்திருக்கும். முடித்துவிட்டு நிற்கும் கெட்டிக்காரக் குழுவிடம் அந்த எண் எப்படி வந்தது என்று கேளுங்கள். யூரியா மூலக்கூறின் திணிவு 60, அதில் இரண்டு நைதரசன் 28. கணக்கைப் போடட்டும்.

குளோரீனுக்கு: "வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றை இறைத்து என்னைப் போடுவார்கள். தண்ணீர்க் குழாயின் திணிவில் பாதிக்கு மேல் நான். எனக்கு மூன்று மட்டம், கடைசியில் ஏழு. இன்னும் ஒன்றுக்காக அலைகிறேன்."

அலுமினியத்துக்கு: "புளிக்குழம்பு வைக்க அம்மம்மா என்னை எடுக்கமாட்டார், மண்சட்டியைத்தான் எடுப்பார். எனக்கு மூன்று மட்டம், கடைசியில் மூன்று."

இரும்புக்கு: "கிறவல் வீதிக்கும் உன் இரத்தத்துக்கும் சிவப்பைக் கொடுத்தேன். அலுமினியத்தின் புரோத்தன்களை இரட்டித்துக்கொண்டு வா."

நாகத்துக்கும் பெயரில் ஒரு பொறி உண்டு. தகரம் என்ற சொல்லுக்கு வெள்ளீயம் என்றும் பொருள். ஆனால் தகர வாளி உருக்குத் தகட்டில் நாகம் பூசியது. "வெள்ளீயம்" என்று நினைத்து ஓடுபவர்களுக்காக 50 என்ற உறையை வையுங்கள். சரியான வழிக்கு, "கல்சியத்தின் புரோத்தன்களோடு பத்தைக் கூட்டு" என்று எழுதுங்கள்.

சோடியம், பொற்றாசியம், செம்பு மூன்றையும் இதே முறையில் நீங்களே எழுதுங்கள். உங்கள் ஊர்க் கோயில், குளம், கடை எது பிள்ளைகளுக்குத் தெரியுமோ அதை வைத்து எழுதினால்தான் நொடி உயிரோடு இருக்கும். பொற்றாசியத்துக்கு ஒரு கைகாட்டல்: அதன் ஆங்கிலப் பெயரே பானையில் காய்ச்சிய சாம்பலிலிருந்து வந்தது.

ஓட்டம்

உறைகளை 6, 26, 11, 20, 7, 29, 17, 13, 19, 30, திரும்ப 6 என்ற வட்டத்தில் இணையுங்கள். அதாவது 6 ஆம் உறைக்குள் இரும்பின் நொடி, 26 இற்குள் சோடியத்தின் நொடி, இப்படி. வட்டமாக இருப்பதால் ஒவ்வொரு குழுவும் வெவ்வேறு இடத்தில் தொடங்கலாம். எல்லோரும் ஒரே மேசையில் நெரிபடமாட்டார்கள். 30 பிள்ளைகள் என்றால் ஐவர் கொண்ட ஆறு குழுக்கள். ஒருவர் வாசிப்பார், ஒருவர் அட்டவணை பிடிப்பார், ஒருவர் எழுதுவார், ஒருவர் தாளைத் தூக்குவார், ஒருவர் நேரம் பார்ப்பார். ஒவ்வோர் இடத்திலும் வேலையை மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிடும். போகும்போது தாளைப் பழையபடி மூடிவிட்டுப் போக வேண்டும்.

விடைத்தாளில் நான்கு நிரல்: மூலகம், குறியீடு, அணுவெண், கடைசியாக "இந்தப் பொருள் மூலகமா, சேர்வையா, கலவையா?" இந்த நாலாவது நிரலை விட்டுவிடாதீர்கள். 45 நிமிடம் முடிந்ததும் எல்லோரையும் உட்கார வைத்து அதைத்தான் பேச வேண்டும். கிறவல் கலவை. சாம்பலும் கலவை. யூரியா சேர்வை. பென்சில் கூரில் களிமண் இருக்கிறதே என்று ஒருவர் எழும்புவார். உப்பு சேர்வை என்று ஒரு குழு சொல்லும்போது, "பக்கற்றில் அயடீன் சேர்த்தது என்று போட்டிருக்கே, அப்போ கலவைதானே?" என்று இன்னொரு குழு கேட்கும். வாதம் நடக்கட்டும். அலுமினியச் சட்டிக்குள்ளும் வேறு உலோகங்கள் கொஞ்சம் கலந்திருக்கலாம். எல்லாம் பேசி முடித்தால் பத்துப் பொருளில் ஏறக்குறைய தனி மூலகமாக நிற்பது அந்தச் செம்புக் கம்பி மட்டும்தான். மூலகத்தைத் தேடப் போனவர்கள் சேர்வைகளையும் கலவைகளையும் கண்டு திரும்பி வந்திருக்கிறார்கள். ஏன் இவை தனியாக இருப்பதில்லை என்ற கேள்வி அப்போது தானாக எழும். அடுத்த பகுதி அதற்காகவே.

நேரத்துக்கு முன்பே முடிக்கும் குழுவுக்கு முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் ஒரு பிடியும் ஒரு காந்தமும் கொடுங்கள். கொக்கிளாயிலிருந்து புல்மோட்டை வரையான கரையில் கறுப்புக் கோடுகளாகக் கிடப்பதில் இல்மனைற்று இருக்கிறது. இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம் அது. காந்தத்தைத் தாளில் சுற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிய மணலைப் பிரிக்க முடியாது.

கொட்டைகளால் அணு செய்வது

புரோத்தனுக்குப் புளியங்கொட்டை, நியூத்திரனுக்கு வேப்பங்கொட்டை, இலத்திரனுக்கு உழுந்து. குண்டுமணி அழகாக இருக்கும், ஆனால் அது நஞ்சு. வேண்டாம்.

ஆறு குழுவுக்கும் ஆறு மூலகம்: காபன், நைதரசன், சோடியம், அலுமினியம், குளோரீன், கல்சியம். மொத்தம் 74 புளியங்கொட்டை, 77 வேப்பங்கொட்டை, 74 உழுந்து தேவை. நிலத்தில் சோக்கால் வட்டங்கள் கீறி, நடுவில் கருவை வைத்து, உழுந்தை மட்டம் மட்டமாக அடுக்கட்டும். குளோரீன் குழு, "அட்டவணையில் 35.5 என்று இருக்கே, அரை நியூத்திரன் எங்கே?" என்று நிச்சயம் கேட்கும். 18 நியூத்திரன் உள்ள குளோரீன் ஏறக்குறைய முக்கால் பங்கு, 20 உள்ளது கால் பங்கு, 35.5 அவற்றின் சராசரி என்று சொல்லுங்கள். அவர்களுக்கு 18 போதும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை கட்டாயம் சொல்ல வேண்டும். அணு 100 மீற்றர் அகல மைதானமென்றால் கரு அதன் நடுவில் ஒரு கடுகு. மிச்சம் முழுக்க வெளி. இலத்திரன்களும் இப்படிச் சோக்குக் கோட்டில் அசையாமல் குந்தியிருப்பதில்லை. இது எண்ணிப் பார்ப்பதற்கான படம்.

இப்போது சோடியம் குழுவையும் குளோரீன் குழுவையும் பக்கத்தில் பக்கத்தில் கூப்பிடுங்கள். மற்றவர்கள் சுற்றி நிற்கட்டும். சோடியம் 2, 8, 1. குளோரீன் 2, 8, 7. தனிச் சோடியம் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும், தனிக் குளோரீன் வாயு மூச்சை அடைத்துக் கொல்லும் என்று சொல்லிவிட்டு, சோடியத்தின் கடைசி உழுந்தைக் குளோரீனின் வட்டத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள். எண்ணட்டும். சோடியத்தில் 11 புளியங்கொட்டைக்கு 10 உழுந்து, ஆகவே ஒரு நேரேற்றம். குளோரீனில் 17 இற்கு 18, ஒரு மறையேற்றம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். அந்த இரண்டு வட்டங்களுக்கும் நடுவில் ஆனையிறவு உப்பில் ஒரு சிட்டிகை வையுங்கள்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கொட்டைகளைத் திரும்ப வாங்குங்கள். ஒவ்வொரு குழுவும் தன் உழுந்தை எண்ணிச் சொல்லிவிட்டு டப்பாவில் போட வேண்டும். சோடியம் குழு 10 என்று சொல்லும், குளோரீன் குழு 18 என்று சொல்லும். மொத்தத்தைக் கரும்பலகையில் ஒரு பிள்ளை கூட்டிப் பார்க்கட்டும். 74 வர வேண்டும். வராவிட்டால் வாங்குக்குக் கீழே தேடுங்கள்.